கதவில்லாக் கலைக்கூடம்

சிற்பங்களைக் கட்டிடத்துக்குள் வைத்துப் பூட்டாமல், வெயிலும் மழையும் படும்படி வெட்டவெளியில் நிறுத்தி, வருவோர் போவோர் எல்லோரும் கண்டு களிக்கும்படி விட்டுவிடுவது மேல் நாடுகளில் பெரியதோர் இயக்கமாக வளர்ந்திருக்கிறது. நார்வே தேசத்தின் தலைநகரான ஆஸ்லோவில் குஸ்தாவ் விகெலாண்ட் என்ற சிற்பியின் கைவேலைகள் இருநூறுக்கு மேல் ஒரே பூங்காவில் நிற்கின்றன. 1921-ஆம் வருஷத்தில் அந்நகரத்தாருக்கும் அவருக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நகரத்தார் அவர் இருந்து வேலை செய்ய இடம் கொடுத்தார்கள். அவர் தம் சிற்பங்கள் அனைத்தையும் நகரத்துக்கே கொடுத்தார். ஒரே கருங்கல்லில் 121 மனித உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று பற்றி ஏறுவதுபோல் செதுக்கப்பட்ட தூண் ஒன்று அங்கே இருக்கிறது. அதை முடிக்க மூன்று கல்தச்சர்களுக்குப் பதினான்கு வருஷம் பிடித்தது. அந்தப் பூங்காவுக்குக் கட்டணமும் இல்லை. அடைக்கும் நேரமும் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்கு வடக்கே 1960-இல் ஏற்பட்ட ஸ்டார்ம் கிங் கலை நிலையம், சுமார் 500 ஏக்கர் விஸ்தீரணமுள்ள புல்வெளியிலும் சோலையிலும் பிரமாண்டமான சிற்பங்களை நிறுத்தி வைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் படங்களில் காணும் நம் வாலிபர்கள், நம் நாட்டில் இப்படி ஒன்று ஏன் இல்லை என்று கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து வாலிபர்கள் இப்படிக் கேட்பார்களானால், அவர்களை நாம் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. இருப்பதைப் போய்ப் பார்த்தீர்களா? ஒரு பகல் பிரயாணத்துக்குள், எந்தத் தேசமும் பெருமை கொள்ளத்தக்க திறந்தவெளிச் சிற்பச் செல்வம் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. அதில் மிகப் பழையதைச் செய்தவர்கள் செய்து முடித்துப் போய் ஆயிரத்திருநூறு வருஷம் ஆகிறது. காப்பாற்றும் கடமை மட்டுமே பாக்கி நிற்கிறது. அந்தக் கடமை யாருடையது என்பதே இங்கே ஆலோசிக்கவேண்டிய விஷயம்.

கோபுரம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவனுக்கு ஊர் தெரிவதற்கு முன்பே கோபுரம் தெரிந்துவிடுகிறது. வடபத்ரசாயி சந்நிதியின் ராஜகோபுரம் பதினொரு நிலைகளுடன் 190 அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. பாண்டியன் சபையில் வென்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் எடுப்பித்தது என்பது ஐதிகம். 1949-இல் ஏற்பட்ட ராஜ்ய இலச்சினையில் காணும் கோபுரம் இதுவே என்பது பரவலான நம்பிக்கை. மதுரை மேலைக் கோபுரமே அது என்று வாதிப்போரும் உளர். வாதம் எப்படி முடிந்தாலும் இந்தக் கோபுரத்தின் அழகு கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை.

அந்த அழகு எதில் இருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மதுரையின் கோபுரங்களில் சுதை உருவங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பார்க்கிறவன் கண் உருவத்துக்கு உருவம் தாவி அலைகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தில் அந்த நெருக்கம் இல்லை. நிலைக்கு நிலை அகலமும் உயரமும் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் விகிதம் ஒன்றையே நம்பி அதைக் கட்டியவன் கட்டியிருக்கிறான். கனத்தைத் தாங்கும் அடித்தளம் கருங்கல்; மேல் நிலைகள் கனம் குறைந்த செங்கல்லும் சுதையும். பாரம் கீழே தங்க, பார்வை மட்டும் தடையின்றி மேலே ஏறுகிறது. இதைக் கட்டியவன் கோவிலுக்குள் வந்து சேவிக்கும் பக்தனுக்காக மட்டும் கட்டவில்லை. வயலில் ஏர் பிடித்து நிற்கிறவனும், பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவனும் காணவேண்டும் என்றே கட்டினான். பெரிய கலை பொதுவிடத்தில் நிற்கவேண்டும், எல்லோருக்கும் தெரியவேண்டும் என்ற கொள்கையை மேல் நாட்டார் இன்று புதிதாகச் சொல்கிறார்கள். நம் ஸ்தபதிகள் அதைச் சொல்லாமலே செய்து காட்டியிருக்கிறார்கள்.

கோவிலுக்குள் விஜயநகர மன்னர் காலத்துப் பணியான தூண்கள் இருக்கின்றன. வாளும் கொம்பும் ஏந்திய வீரபத்திரர் தூணோடு ஒரே கல்லாகப் புறப்பட்டு நிற்கிறார். கிருஷ்ணாபுரம், தாடிக்கொம்பு, ஸ்ரீவைகுண்டம், அழகர்கோயில் ஆகிய இடங்களைப் பார்த்தவர்கள் இவை ஒரே பரம்பரையின் வேலை என்பதை உடனே அறிந்துகொள்வார்கள். கோவிலுக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அந்தத் தூண்களின் முன் ஐந்து நிமிஷம் நிற்கிறார்கள்? சாய்ந்துகொள்ள ஓர் இடம் என்பதற்கு மேல் அவற்றுக்கு நாம் கொடுத்திருக்கும் மரியாதை என்ன?

ஓடும் சிற்பம்

ஆடிப்பூரத் திருநாளில் ஓடும் ஆண்டாள் தேர் தமிழ் நாட்டின் பெருந்தேர்களில் ஒன்று. தேர் என்பது சுவாமி எழுந்தருளும் வாகனம் என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அதன் அடிப்பகுதியைச் சுற்றி வந்து பார்த்தால், அது அடுக்கடுக்காகச் செதுக்கிய மரச் சிற்பங்களின் தொகுதி என்பது விளங்கும். கோபுரம் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு. தேரோ கைக்கெட்டும் தூரத்தில், கண்ணுக்கு நேராக நிற்பது. கோவிலுக்குள் நுழைய அனுமதியில்லாமல் ஜாதியின் பெயரால் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், அந்த ஜனங்கள் காணக்கூடிய பெருஞ்சிற்பம் வெளியே தெருவில் வந்த தேர் ஒன்றுதான். அந்த அநீதியை நாம் மறக்கலாகாது. கலை தெருவுக்கு வருவதன் பொருள் என்ன என்பதையும் அதிலிருந்தே அறிந்துகொள்ளவேண்டும்.

தேரை ஓட்டுவது எளிய காரியமாக இருந்ததில்லை. மரச் சக்கரங்கள் இருந்த காலத்தில் தேர் நிலைக்கு வந்து சேரப் பல நாட்கள் பிடிக்கும். மண்ணில் புதைந்த சக்கரத்தைக் கிளப்பவும், திருப்பத்தில் தேரைத் திருப்பவும், முட்டுக்கட்டை போட்டு நிறுத்தவும் தனித் தேர்ச்சி வேண்டும். பின்னர் இரும்புச் சக்கரங்களும் அவற்றைப் பிடித்து நிறுத்தும் யந்திர சாதனமும் பொருத்தப்பட்டன. பழமை போயிற்றே என்று இதற்காக வருந்தவேண்டுவதில்லை. சக்கரம் தேய்வது இயற்கை. தேய்ந்ததை மாற்றுவது உயிரோடிருக்கும் கலையின் லட்சணம். மாற்றத்தகாதது செதுக்கிய மரம். அதன்மேல் வர்ணம் பூசுவதற்கும், உடைந்த உருவத்தைப் பிடுங்கிவிட்டுப் புதிய பலகை அறைவதற்கும் முன்னால் நூறு முறை யோசிக்கவேண்டும்.

வெட்டுவான் கோயில்

இனி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்து, அங்கிருந்து தெற்கே சங்கரன்கோவில் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் போவோம். கரிசல் பூமியின் நடுவே தனியாகப் படுத்திருக்கும் பாறை மலை ஒன்று தென்படும். அதுதான் கழுகுமலை; இன்றைய தூத்துக்குடி ஜில்லாவில் சேர்ந்தது. கோவில்பட்டி ரயில் நிலையத்தில் இறங்கி வருகிறவர்களுக்கு அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி என்ற பெயருடன் முருகப்பெருமான் குடைவரையில் எழுந்தருளியிருக்கிறார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பிறந்தது இந்த முருகன் பேரில்தான். விசேஷ நாட்களில் ஜனக்கூட்டம் நெரிகிறது. ஆனால், தரிசனம் முடித்துத் திரும்புகிறவர்களில் மலைமேல் ஏறிப் பார்க்கிறவர்கள் சிலரே.

மேலே என்ன இருக்கிறது? பாறைச் சரிவில் மூன்று பக்கமும் அகழ்ந்து, ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குக் கல்லை வெட்டி அப்புறப்படுத்தி, நடுவில் மிஞ்சிய பாறையையே ஒரு முழுக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். கல்மேல் கல் வைத்துக் கட்டியது ஒன்றுமே இல்லை. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் நடந்த வேலை இது. எல்லோராவில் ராஷ்டிரகூடர் வெட்டுவித்த கைலாசநாதர் கோயிலும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே முறையில் செய்யப்பட்டது. எல்லோராவைப் பற்றி வாயாரப் புகழும் நம்மவர்களில் அநேகர், அதன் தம்பி நம் கரிசல் காட்டிலேயே இருப்பதை அறியாதவர்கள்.

இந்த வேலையின் முறையைக் கவனிக்கவேண்டும். சாதாரணக் கட்டிடம் அஸ்திவாரத்திலிருந்து மேலே வளர்கிறது. இதுவோ சிகரத்திலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் உச்சி, பிறகு கழுத்து, பிறகு உடல், கடைசியில் பாதம். சாரம் கட்டவேண்டியதில்லை, பாறையே சாரம். ஆனால் ஓர் உளி தவறினால் உதிர்ந்த சில்லை மறுபடி ஒட்டவைக்க முடியாது. சிகரத்தை வெட்டும்போதே அடியில் வாசல் எங்கே வரவேண்டும், படி எங்கே வரவேண்டும் என்பதெல்லாம் சிற்பியின் மனத்தில் அளவோடு தீர்மானமாகி இருக்கவேண்டும். காகிதமும் யந்திரமும் இல்லாமல், கருங்கல்லின்மேல், இரும்பு உளியால் இதைச் செய்தார்கள் என்றால், அவர்கள் கணிதத்தை எப்படிப் பயின்றிருக்கவேண்டும்!

மேற்பகுதியில் உமையோடு அமர்ந்த சிவபிரான், நரசிம்மர், பிரம்மா, நந்திகள், பூதகணங்கள் என்று உருவங்கள் நிறைந்திருக்கின்றன. தெற்கே இருப்பவர் தட்சிணாமூர்த்தி. ஆல நிழலில் மௌனமாக உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியையே நாம் எங்கும் காண்கிறோம். இங்கே அவர் கையில் மிருதங்கம். வாசித்துக்கொண்டே சற்று ஒருபுறம் சாய்ந்து, தம் தாளத்தில் தாமே லயித்திருக்கிறார். கூத்தாடும் கணங்களும் அப்படியே: ஒன்றின் முகம்போல் மற்றொன்று இல்லை. கல்லில் இவ்வளவு சிரிப்பை அடக்கியவன் துக்கம் பிடித்த மனிதனாக இருந்திருக்க முடியாது.

கீழ்ப்பகுதி முடிவுபெறவில்லை. உளியின் தடங்கள் அப்படியே நிற்கின்றன. கர்ப்பகிருகம் குடைந்த அளவில் நிற்க, பிற்காலத்தில் பிள்ளையார் ஒருவரை உள்ளே வைத்திருக்கிறார்கள். தந்தையும் மகனும் சிற்பிகள் என்றும், இருவரும் போட்டியிட்டு வேலை செய்தார்கள் என்றும், மகன் முந்திக்கொண்டதைப் பொறாத தந்தை அவனைக் கொன்றான் என்றும், அதனால் வேலை நின்றது என்றும் ஒரு கதை அப்பக்கத்தில் வழங்குகிறது. கதை எப்படியாயினும், வேலை நின்றது நமக்கு ஒரு விதத்தில் லாபமே. முடிந்த சிற்பம் அழகைக் காட்டுகிறது. முடியாத சிற்பம் உழைப்பைக் காட்டுகிறது. எந்த இடத்தில் உளி ஓய்ந்தது என்பதை இன்றும் விரல் வைத்துக் காட்டலாம்.

பெயரையும் கவனியுங்கள். வெட்டுவான் கோயில்! நம் கோவில்கள் தெய்வத்தின் பெயரால் வழங்கும், அல்லது கட்டுவித்த அரசனின் பெயரால் வழங்கும். இங்கே ஜனங்களின் நாவில் நிலைத்திருப்பது கல்லை வெட்டியவன் பெயர். அவன் இன்னான் என்பது வழங்கவில்லை. அவன் தொழில் வழங்குகிறது. உழைப்பாளிக்கு இதற்கு மேலான ஞாபகச் சின்னம் தமிழ் நாட்டில் வேறொன்று உண்டா என்பது சந்தேகம்.

பெயர் பொறித்தவர்கள்

வெட்டுவான் கோயிலிலிருந்து சிறிது தூரம் மேலே நடந்தால், பாறை முகப்பில் வரிசை வரிசையாகச் சமண தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சுமார் 150 புடைப்புச் சிற்பங்கள். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கே ஒரு பெரிய சமணப் பள்ளி நடந்தது. பாம்பு படம் விரித்துக் காக்கப் பார்சுவநாதர் நிற்கிறார். கொடி படரும் வரையில் அசையாமல் நின்ற பாகுபலி இருக்கிறார். சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகை என்னும் யட்சி நிற்கிறாள். வெட்டுவான் கோயிலில் காணும் ஆட்டமும் பாட்டும் இங்கே இல்லை. முக்குடையின்கீழ் அசைவற்ற ஒரே தியானம். ஒரே மலை, ஏறக்குறைய ஒரே காலம், இரண்டு சமயங்கள், இரண்டு மனோபாவங்கள்.

பல சிற்பங்களின் அடியில் வட்டெழுத்தில் சிறு சாசனங்கள் இருக்கின்றன. இன்ன ஊர் இன்னார் இதைச் செய்வித்தார் என்பதே பெரும்பாலும் விஷயம். மெய்க்கீர்த்தி இல்லை, போர் வெற்றி இல்லை. தூர தேசங்களிலிருந்து வந்தவர்கள், மாணாக்கர்கள், தங்கள் ஆசிரியர்களின் பேரில் உருவம் அமைத்தவர்கள் என்று சாதாரண மனிதர்களின் பெயர்களே அங்கே வாழ்கின்றன. அவர்களுள் குரத்தியார் என்று குறிக்கப்படும் பெண் துறவிகள் பலர். குரவர் என்றால் ஆசிரியர். குரத்தி என்றால் ஆசிரியை. ஆயிரத்திருநூறு வருஷங்களுக்கு முன் தமிழ் நாட்டில் பெண்கள் மாணாக்கரை வைத்துக் கற்பித்தார்கள் என்பதற்குக் கல்லிலே எழுதிய சாட்சி இது. பெண் கல்வி நமக்கு மேல் நாட்டார் கொண்டுவந்து கொடுத்த தானம் என்று பேசுகிறவர்களை இந்த மலைக்கு ஒருமுறை அழைத்து வரலாம்.

காவல் யார்?

பொருட்காட்சி சாலையில் இருக்கும் சிலைக்குச் சுவரும் கதவும் சேவகனும் காவல். வெட்டவெளியில் இருக்கும் சிற்பத்துக்கு என்ன காவல்? கழுகுமலை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். ஆனால் சட்டம் பலகையில் எழுதி நட்டு வைக்கப்பட்டிருக்கும். பாறைக்கு முன்னால் இரவும் பகலும் நிற்காது. தமிழ் நாட்டின் குன்றுகளில் எங்கே போனாலும் ஒரே காட்சி. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒருவன் பக்தியோடு தன் ஆசிரியர் பெயரைப் பொறித்த பாறையில், நேற்று வந்தவன் ஆணியால் தன் பெயரையும் தன் காதலியின் பெயரையும் கீறிவிட்டுப் போயிருக்கிறான். இருவரும் பெயர் பொறித்தவர்களே. ஆனால் முன்னவன் ஒரு சிற்பத்தைக் கொடுத்துவிட்டுப் பொறித்தான், பின்னவன் ஒரு சிற்பத்தைக் கெடுத்துப் பொறிக்கிறான்.

அறியாமையால் வரும் தீங்கு இது. பக்தியால் வரும் தீங்கும் உண்டு. கல் உருவத்தின்மேல் எண்ணெய் ஊற்றி, அதன்மேல் தூசு படிந்து, முகம் தெரியாமல் போன சிலைகள் எத்தனை! கும்பாபிஷேகத் திருப்பணி என்ற பெயரில், யந்திரத்தால் மணலை வேகமாகப் பீச்சிக் கல்லைச் சுத்தம் செய்யும் வழக்கம் இடையில் பரவிற்று. அது அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. கல்லின் மேல்தோலையே உரித்துவிடுகிறது. நுண்ணிய வேலை மழுங்குகிறது. சாசன எழுத்துக்கள் தேய்கின்றன. இதைத் தடுத்து உத்தரவுகள் பிறந்தன. ஆனால், திருப்பணி நடக்கும் ஊரில் அந்த உத்தரவை அறிந்து கேட்கிற ஒருவனாவது இல்லையேல் உத்தரவினால் என்ன பயன்?

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் மலையையே விலை பேசுவது. அதற்கு மதுரைப் பக்கத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையில் யானைமலை இருக்கிறது. கி.பி. 770-இல் பாண்டியனுடைய மந்திரி மாறன் காரி குடைவித்து, அவன் தம்பி மாறன் எயினன் முடித்த நரசிங்கப் பெருமாள் குடைவரை அங்கே உள்ளது. கழுகுமலையைப் போலவே சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துச் சாசனங்களும் உள்ளன. 2010-இல் இந்த மலையில் ஒரு சிற்ப நகரம் அமைக்கவேண்டும் என்று சர்க்கார் தரப்பில் ஒரு திட்டம் எழுந்தது. சிற்ப நகரம்! கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஏற்கெனவே சிற்பத்தைச் சுமந்து நிற்கும் மலையைக் குடைந்து புதிய சிற்பங்கள் செய்வதாம். தாத்தாவின் கையெழுத்துச் சுவடியைச் சுரண்டிவிட்டு அதே ஓலையில் பேரன் பாட்டெழுத விரும்புவதைப் போன்றது இது. அவ்வூர் ஜனங்கள் இதை ஒப்பவில்லை. திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கிளர்ச்சியை ஒட்டியே மதுரையில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முயற்சியால் பசுமை நடை என்ற இயக்கம் பிறந்தது. மாதந்தோறும் ஜனங்களை ஒரு குன்றுக்கு அழைத்துப்போய், அங்கே இருப்பது இன்னதென்று சொல்லிக் கொடுப்பதே அதன் வேலை.

இரண்டாவது, மேலூர் தாலூகாவில் உள்ள அரிட்டாபட்டி. பாண்டியர் குடைவரையும் சமணச் சிற்பமும் உள்ள குன்றுகள் சூழ்ந்த கிராமம். 2022-இல் பல்லுயிர் மரபுத் தலம் என்று அது அறிவிக்கப்பட்டது. தமிழ் நாட்டில் இந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் இடம் அதுவே. அப்படியிருந்தும், 2024 நவம்பரில் அந்தக் கிராமத்தின் ஒரு பகுதியும் அடங்கிய நிலத்தில் டங்ஸ்டன் உலோகச் சுரங்கம் தோண்டும் உரிமை ஏலத்தில் ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். அதே ஜனவரி 23-ஆம் தேதி இந்திய சர்க்கார் ஏலத்தை ரத்துச் செய்தது.

இவ்விரண்டு இடங்களிலும் மலையைக் காப்பாற்றியவர்கள் யார்? கலை விமர்சகர்கள் அல்ல. ஆடு மேய்க்கிறவர்களும் நாற்று நடுகிறவர்களும். தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் அது தங்களுடையது என்று தோன்றிற்று. தங்களுடையது என்று தோன்றியதால் எழுந்து நின்றார்கள். கதவில்லாக் கலைக்கூடத்துக்கு இந்த அறிவு ஒன்றே காவல்.

புதிய கலையும் வேண்டும்

பழையதைக் காப்பாற்றவேண்டும் என்று சொல்வதால் புதியது வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை யார் மறக்கமுடியும்? தேவி பிரசாத் ராய் சௌதுரி வார்த்த அந்த நான்கு மனிதர்கள் ஒரு பெரும் பாறையை நெம்பிப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டுவான் கோயிலை வெட்டியவனின் வம்சம் அது. 1966-இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே அமைத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் புதுமுறைச் சிற்பங்கள் மரநிழலில் நிற்கின்றன. கன்னியாகுமரிக் கடற்பாறையில் கணபதி ஸ்தபதியின் பொறுப்பில் எழுந்து 2000-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை, பழைய கல்தச்சு முறை இன்னும் இறந்துவிடவில்லை என்பதற்குச் சாட்சி.

வடக்கே சண்டிகர் நகரத்தில் நடந்தது இன்னும் விசேஷம். சாலைப் பரிசோதகர் உத்தியோகம் பார்த்த நேக் சந்த் என்பவர், 1957 முதல் ஒருவருக்கும் தெரியாமல், சர்க்கார் காட்டுக்குள், உடைந்த பீங்கான், வளையல் துண்டு, இடிந்த வீட்டுக் கழிவு ஆகியவற்றைக் கொண்டு நூற்றுக்கணக்கான உருவங்களைச் செய்து நிறுத்தினார். அது வெளிப்பட்டபோது சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்க வேண்டியது. ஜனங்கள் அதை விரும்பினார்கள். 1976-இல் அது பொதுத் தோட்டமாகத் திறக்கப்பட்டது. பின்னர் ஒரு சமயம் சாலை போடுவதற்காக அதன் ஒரு பகுதியை இடிக்க யந்திரங்கள் வந்தபோது, ஊரார் குறுக்கே கைகோத்து நின்று தடுத்தார்கள். பழைய கலைக்கும் புதிய கலைக்கும் காவல் ஒன்றேதான் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

செய்யவேண்டியவை

ராஜபாளையம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1949 முதல் 1952 வரையில் சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாயிருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா தாம் வாழ்ந்த இல்லத்தையே பொதுஜனங்களின் கலைக் காரியத்துக்காகக் கொடுத்துவிட்டார். அது காந்தி கலை மன்றம் என்று பெயர் பெற்றது. அவ்வளவு பெரிய தியாகம் எல்லோராலும் ஆகாது. ஆனால் எல்லோராலும் ஆகக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் ஆகிய ஊர்களின் பள்ளிக்கூடங்கள் தங்கள் உயர் வகுப்பு மாணவர்களை ஒரு நாளாவது கழுகுமலைக்கு அழைத்துப்போகவேண்டும். உல்லாசப் பிரயாணமாக மட்டும் அல்ல. வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப்போகவேண்டும். பாறையில் இருக்கும் கீறல் தன் மொழி என்பதையும், அதைத் தன்னால் படிக்க முடியும் என்பதையும் ஒரு சிறுவன் கண்டுகொண்டால், அவன் ஆயுளில் எந்தப் பாறையிலும் ஆணி வைக்கமாட்டான்.

இரண்டாவது, வாசகசாலைகளும் வாலிபர் சங்கங்களும் நாலு பக்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிடட்டும். இந்தத் தூணில் நிற்பவர் யார், இந்தத் தேர்ப் பலகையில் உள்ள கதை என்ன, இந்த மலையில் மிருதங்கம் வாசிப்பவர் யார் என்பதைத் தெளிவான தமிழில் சொல்லட்டும். பிரயாணிகளுக்கு அது வழிகாட்டியாகும். ஊராருக்கு அதுவே சொத்துப் பட்டியலாகும்.

மூன்றாவது, கோவில் திருப்பணி தொடங்குமுன், இருக்கிற சிற்பங்களையும் சாசனங்களையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும். விஷயம் அறிந்தவர்களைக் கலந்துகொள்ளவேண்டும். நன்கொடை கொடுப்பவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் பொறிக்க இடம் கேட்பதற்கு முன்னால், ஏற்கெனவே பொறித்திருக்கும் பெயர்கள் அழியாமல் இருக்குமா என்று கேட்கட்டும்.

நான்காவதும் முக்கியமானதும் ஒன்று. ஒவ்வொரு கிராம சபையும் தன் எல்லைக்குள் இருக்கும் குன்று, குடைவரை, நடுகல், மண்டபம் இவற்றின் விவரத்தைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்து வைக்கவேண்டும். குவாரிக்கு மலையைக் கேட்டு வருகிறவன் கையில் அதன் சர்வே நம்பர் இருக்கும். எத்தனை கன அடிக் கல் தேறும் என்ற கணக்கும் இருக்கும். அந்த மலையில் யார் அமர்ந்திருக்கிறார், யார் செய்வித்தார், எத்தனை நூற்றாண்டாக இருக்கிறார் என்ற கணக்கு நம் கையில் இருக்கவேண்டும். ஒரு கணக்குக்கு எதிராக இன்னொரு கணக்கை வைக்கத் தெரியாதவர்கள் உணர்ச்சிப் பிரசங்கம் செய்து பயன் இல்லை.

ஆஸ்லோ நகரத்தார் ஒரு சிற்பியோடு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நம் முன்னோர்கள் நம்மோடு எந்த உடன்படிக்கையும் செய்துகொள்ளவில்லை. விலை கேட்கவில்லை, தம் முகவரியும் எழுதி வைக்கவில்லை. கோபுரத்தைத் தெருவிலும் சிற்பத்தை மலையிலும் வைத்துவிட்டு, பிறகு வருகிறவர்கள் மனிதர்களாக இருப்பார்கள் என்று நம்பிப் போய்விட்டார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது சர்க்காரின் கடமை மட்டும் என்று எண்ணிச் சும்மா இருப்பவர்கள், அடுத்த ஏலத்தின் விளம்பரம் வெளியாகும் நாளில் விழித்துக்கொள்வார்கள். அதற்கு முன்பே விழித்துக்கொள்ளுவது விவேகம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைக்குப் பஸ் இருக்கிறது.